கீழை வைச்ச மெழுகுதிரி

அத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய் மகன்ரை பேரிலை ஒரு அர்ச்சனை செய்விப்பார். ஐயர் தட்டைக் கையிலை வாங்கிக்கொண்டு "பேர், நட்சத்திரம்?" எண்டு கேப்பார். அத்தான் மண்டபம் முழுக்கக் கேக்கிற மாதிரிச் சொல்லுவார். அர்ச்சனை உயிரோடை இருக்கிற ஆக்களுக்குத்தான் செய்யிறது. அது அங்கை நிண்ட எல்லாருக்கும் தெரியும். அத்தானுக்கும் தெரியும், அதாலைதான் அவ்வளவு சத்தமாய்ச் சொன்னவர்.

வன்னியிலை சண்டை முடிஞ்ச வருசம் அது. அக்காவையும் அத்தானையும் அவையின்ரை மூத்தவள், என்ரை பெறாமகள், முன்னமே ஸ்பொன்சர் செய்து ரொறன்ரோவிலை, மில்லிக்கன் பக்கம், தன்ரை வீட்டிலை வைச்சிருந்தவள். தம்பிக்காரனைக் கூப்பிடேலாமல் போச்சு. கனடாக்காரன் ஒரு வயசு வைச்சிருக்கிறான், அதைத் தாண்டினால் பெத்த பிள்ளையும் பிள்ளையில்லை. அவன் தாண்டிப்போட்டான். கிளிநொச்சியிலை கணக்கு வாத்தியாராய் இருந்தான். நாங்கள் எல்லாரும் அவனைச் சின்னவன் எண்டுதான் கூப்பிடுறது. அந்தச் சித்திரை மாதம் அவனிட்டையிருந்து ஒரு போன் வந்தது. பிறகு வைகாசியிலை எல்லாம் முடிஞ்சுது எண்டு செய்தி வந்தது, சின்னவனிட்டையிருந்து ஒண்டும் வரேல்லை.

அதுக்குப் பிறகு அந்த வீட்டிலை ஒரு சட்டம் வந்துது. ஆரும் எழுதி ஒட்டேல்லை, ஆனால் வாசலிலை சப்பாத்தைக் கழட்டேக்கையே வாற ஆக்களுக்கு விளங்கிடும். சின்னவன் இருக்கிறான். ஆமியின்ரை தடுப்பு முகாமிலை இருக்கிறான், இல்லாட்டிக் கடலாலை இந்தியாவுக்குப் போட்டான், இல்லாட்டிப் பேர் மாத்திக்கொண்டு எங்கையோ நிக்கிறான். மிசிசாகாவிலை ஆரோ ஒருத்தற்றை சொந்தக்காரர் ஓமந்தைச் சோதனைச்சாவடியிலை ஆமி அவனை பஸ்ஸிலை ஏத்தினதைக் கண்டவராம். அந்தக் கதை எங்கடை வீட்டுக்கு வந்து சேரேக்கை அவன் போட்டிருந்த சேட்டின்ரை நிறமும் வந்திட்டுது. ஊரோடை ஒத்தோடு எண்டு நானும் தலையாட்டினன். எல்லாம் அக்காவுக்காக எண்டுதான் நினைச்சம். உண்மையைச் சொன்னால் அக்கா உடைஞ்சு போவா எண்டு பயம்.

அக்கா அழவேயில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் பயம். யன்னலுக்குப் பக்கத்திலை இருந்து கார் ஏறி வாற றைவ்வேயைப் பாத்துக்கொண்டிருப்பா. சாப்பிடுங்கோ எண்டால் ரெண்டு வாய் சாப்பிடுவா, படுங்கோ எண்டால் போய்ப் படுப்பா. டொக்டர் ஆளை வெளியிலை கூட்டிக்கொண்டு போகச் சொல்லிப்போட்டார்.

அப்பதான் பெறாமகள் இந்த ஜோர்ஜியாக் கதையை எடுத்தாள். எங்கடை பிளாசாவிலை ஒரு அண்ணை ரூர் நடத்துறவர். சண்டைக்கு முதல் திருவண்ணாமலை, காசி எண்டு கூட்டிக்கொண்டு போனவர், அந்த வருசம் என்ன நினைச்சாரோ, முந்தி ரஷ்யாவோடை இருந்த மலைநாடு, விசா தேவையில்லை, குளிர்ச்சியான இடம் எண்டு நோட்டீஸ் அடிச்சுப்போட்டார்.

"சின்னம்மா, நீங்களும் கூடப் போங்கோ. அம்மாவுக்கு ஒரு சேஞ்ச் வேணும். பிளீஸ்" எண்டாள்.

"கண்டறியாத சேஞ்ச்" எண்டன். ஆனால் லீவு எடுத்தன். நான் எயார்போட்டுக்குக் கிட்ட ஒரு சமையல் கூடத்திலை பிளேன் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிறவள். இவ்வளவு காலமும் ஆரோ போற பிளேனுக்குத்தான் அடுக்கினது.

அத்தான் லேசிலை சம்மதிக்கேல்லை. வீட்டுப் போனை விட்டிட்டு வரமாட்டன் எண்டு நிண்டார். சின்னவனுக்கு மனப்பாடமாய்த் தெரிஞ்ச நம்பர் அது ஒண்டுதான். கடைசியிலை மருமகன் சாமி படத்துக்கு முன்னாலை நிண்டு, வேலையாலை வந்தால் போனடியை விட்டு அசையமாட்டன், பகலிலை தன்ரை தாயைக் கொண்டுவந்து இருத்துவன் எண்டு சத்தியம் பண்ணினபிறகுதான் மனுசன் பெட்டியை எடுத்தது.

புரட்டாதி முடியிற நேரம், இஞ்சை மேப்பிள் சிவக்கத் தொடங்க, நாங்கள் புறப்பட்டம். ஒரு சின்ன பஸ் நிறையத் தமிழாக்கள், எல்லாரும் எங்கடை பக்கத்து ஸ்காபரோ, மார்க்கம் ஊர்க்காரர். பஸ்ஸின்ரை வயித்துக்குள்ளை ரூர் அண்ணையின்ரை பெரிய றைஸ் குக்கர், பருப்பு, மிளகாய்த்தூள், இடிச்ச சம்பல், ஒரு பை பருத்தித்துறை வடை. உலகத்தின்ரை எந்த மூலைக்குப் போனாலும் எங்கடை சனம் முதலிலை விசாரிக்கிறது பிளக் என்ன மாதிரி எண்டுதான்.

எங்களுக்கு வந்த வழிகாட்டி ஒரு பெண்பிள்ளை. முப்பது வயசுக்கு உள்ளை இருக்கும். கட்டை மயிர், சிவந்த கன்னம், நல்ல நிதானமான இங்கிலிஸ். அவள் மைக்கிலை சொல்லுவாள், ரூர் அண்ணை அதை வாங்கித் தமிழிலை சொல்லுவார். அவள் அஞ்சு நிமிசம் சொன்னதை அவர் அரை நிமிசத்திலை முடிப்பார், அரை நிமிசம் சொன்னதைப் பத்து நிமிசத்துக்கு இழுப்பார். எங்கை ஏறினாலும் இறங்கினாலும் "எல்லாரும் இருக்கினமோ? அக்கா இருக்கிறாவோ?" எண்டு ஒரு சத்தம். அக்கா எண்டால் என்ரை அக்காதான். எங்கடை வீட்டுக் கதை பஸ்ஸிலை எல்லாருக்கும் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, எல்லாரும் அக்காவைத் தங்கமாய்த் தாங்கினவை. ஒருத்தர் தண்ணிப் போத்தல் குடுப்பார், ஒரு அன்ரி காலுக்கு எண்ணெய் தருவா, இன்னொருத்தர் வந்து குனிஞ்சு, "யோசியாதேங்கோ, வந்திடுவார்" எண்டு சொல்லிப்போட்டுப் போவார். அக்கா எல்லாத்துக்கும் "ஓம், ஓம்" எண்டு தலையாட்டுவா.

சாப்பாட்டிலைதான் கொஞ்சம் சிரிச்சம். சீஸ் உருகி வழியிற ஒரு ரொட்டி, அதுக்கு மேலை எங்கடை ஆக்கள் சம்பலைத் தூவிச்சினம். சமைச்ச மனுசி வந்து அந்தச் சிவப்புத் தூளை நக்கிப் பாத்திட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினா. மோதகம் மாதிரி ஒண்டு வந்தது, உள்ளுக்கை இறைச்சியும் கொதிக்கிற சூப்பும். அத்தான் மோதகத்தைக் கடிக்கிற மாதிரிக் கடிச்சு, சூப்பெல்லாம் நெஞ்சிலை ஊத்துப்பட்டுது. அக்கா சீலைத் தலைப்பாலை அதைத் துடைச்சு விட்டா. "சின்னப்பிள்ளை" எண்டு சொன்னா. பயணம் வெளிக்கிட்ட பிறகு அவவாய் எடுத்து வாய்திறந்து சொன்ன முதல் சொல்லு அதுதான்.

தலைநகர் திபிலிசியிலை இருந்து வெளிக்கிட்டுப் பெரிய றோட்டாலை போறம். வலப்பக்கத்திலை ஒரு பழைய கோட்டை தெரியுது எண்டு அந்தப் பிள்ளை மைக்கிலை சொல்ல, எல்லாரும் வலப்பக்கம் பாக்கவேணும். ஒருத்தரும் பாக்கேல்லை. இடப்பக்கம், வெட்டை வெளியிலை, ஒரே மாதிரிச் சின்னச் சின்ன வீடுகள், ஒரே சிவப்புக் கூரை, வரிசை வரிசையாய், கண்ணுக்கெட்டின தூரம் மட்டும். ஒரு மரமில்லை. வரிசைக்கு நடுவிலை கொடி கட்டி உடுப்புக் காயுது. எங்களுக்கு ஆரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஒரே அளவிலை வீடு, ஒரே நாளிலை கட்டினது எண்டால் என்னெண்டு எங்கடை சனத்துக்குத் தெரியாதோ?

அக்கா என்ரை கையைத் தட்டி, "உது எப்ப கட்டினதெண்டு கேள்" எண்டா.

நான் கேட்டன். அந்தப் பிள்ளை மைக்கை நிப்பாட்டிப்போட்டு எங்கடை சீற்றடிக்கு வந்தாள். போன வருசம் தங்கடை நாட்டிலை சண்டை, அது முடிஞ்ச கையோடை கட்டினது எண்டாள். "என்ரை அம்மாவும் அதுக்குள்ளைதான். ரெண்டாவது வரிசை." அவ்வளவுதான் சொன்னாள். ரூர் அண்ணை அதைத் தமிழிலை சொல்லேல்லை. நான் அக்காவுக்கு மட்டும் சொன்னன்.

முன் சீற்றிலை இருந்த அத்தான் கண்ணாடியிலை மூக்கு முட்டப் பாத்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தியளோ, கரண்ட் குடுத்திருக்கிறாங்கள். தண்ணித் தாங்கி வைச்சிருக்கிறாங்கள். அங்கை தடுப்பிலையும் உப்பிடித்தான் பெடியளை வைச்சிருப்பாங்கள். சாப்பாட்டுக்குக் குறை விடமாட்டாங்கள்" எண்டார்.

அக்கா "ஓம்" எண்டா.

மலைப்பாதை ஏற ஏறக் குளிர். ஒரு வளைவிலை செம்மறியாட்டுக் கூட்டம் றோட்டை நிறைச்சுக்கொண்டு கீழை இறங்குது. பனி விழ முதல் மேய்ச்சலாலை திரும்பி வருகுதாம். பஸ் நடுவிலை நிண்டுபோச்சு. எல்லாரும் படம் எடுக்க இறங்கிட்டினம். அக்கா தலையைக் கண்ணாடியிலை சாய்ச்சுக் கண்ணை மூடியிருந்தா. நித்திரை எண்டு நினைச்சு நான் அவவுக்குச் சால்வையைப் போத்துவிட்டன்.

ஆடு எல்லாம் போய் பஸ் வெளிக்கிட, அண்ணை மைக்கைப் பிடிச்சார். அடுத்தது ஒரு பழைய தேவாலயம், சரியான சக்தி வாய்ந்தது, மெழுகுதிரி கொளுத்தலாம். "ஆனால் ஒண்டு கவனம். மேலை, படங்களுக்கு முன்னாலை வைக்கிறது உயிரோடை இருக்கிறவைக்கு. கீழை, சிலுவையடியிலை ஒரு மணல்தட்டு இருக்கும், அது மோசம்போனவைக்கு. மாறி வைச்சுப்போடாதேங்கோ, பிறகு என்னைக் கேளாதேங்கோ!" எல்லாரும் சிரிச்சினம். அக்கா அசையேல்லை.

தேவாலயம் கல்லாலை கட்டினது, உள்ளுக்கை ஒரே இருட்டும் தேன்மெழுகு வாசமும். ஜீன்ஸ் போட்ட எனக்கு வாசலிலை ஒரு ஊத்தைப் பாவாடையைத் தந்து, மேலாலை கட்டச் சொல்லிச்சினம். அக்கா சீலைத் தலைப்பை இழுத்துத் தலையைப் போத்திக்கொண்டா. எங்கடை சனத்துக்குத் தேவாலயம் புதுசோ? ஊரிலை மடுவுக்கும் போவம், அந்தோனியாருக்கும் நேருவம். எல்லாரும் கை நிறைய மெழுகுதிரி வாங்கி, பிள்ளையளுக்கு, பேரப்பிள்ளையளுக்கு, வீட்டு மோட்கேஜுக்கு எண்டு கூட வைச்சினம். மேல்தட்டிலை இடமில்லை.

நான் என்ரை திரியை வைச்சிட்டுத் திரும்பிறன், "ஐயோ அக்கா!" எண்டு ஒரு சத்தம். தேவாலயமே அதிர்ந்துது.

அக்கா சிலுவையடியிலை முழங்காலிலை நிக்கிறா. மணல்தட்டிலை, வேறை ஆக்கள் வைச்ச திரியளுக்கு நடுவிலை, அவவின்ரை திரி எரியுது. ஒரே ஒரு திரி.

"ஐயோ அக்கா, உது செத்த ஆக்களுக்கு! உங்களுக்குச் சொன்னனான் எல்லோ! ஓ, நீங்கள் நித்திரை..." ரூர் அண்ணை பாஞ்சு வந்து அந்தத் திரியைப் பிடுங்கினார். மெழுகு மெல்லிசு, பிடுங்கேக்கை நடுவாலை மடிஞ்சு நெருப்பும் நூந்துபோச்சு. அன்ரி ஒராள் ஓடிவந்து அக்காவின்ரை தலையைச் சுத்திக் கையை நெரிச்சு நாவூறு கழிக்கிறா. "கடவுளே, தெரியாமல் செய்தது, தெரியாமல் செய்தது" எண்டு இன்னொருத்தர் மாதாவைப் பாத்துக் கும்பிடுறார். எல்லாருமாய்ச் சேர்ந்து மடிஞ்ச திரியை நிமித்தி மேல்தட்டுக்குக் கொண்டுபோச்சினம். அத்தான்தான் அதை வேறை ஒரு நெருப்பிலை பிடிச்சுக் கொளுத்தினார். மூண்டுதரம் தவறிச்சுது. கொளுத்தி நட்டது சரியேக்கை, விரலாலை தாங்கிப் பிடிச்சுக்கொண்டே நிண்டார். உருகி விரலிலை வழியுது, மனுசன் கையை எடுக்கேல்லை.

"எனக்கு விளங்கேல்லை. நித்திரையாப் போனன்" எண்டா அக்கா, எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டு.

"அதுக்கென்ன அக்கா, மாத்தியாச்சு. எல்லாம் சரி" எண்டார் ரூர் அண்ணை. எனக்கும் அப்பாடா எண்டு இருந்துது. பொய் சொல்லேல்லை, அண்டைக்கு அந்த மனுசனைக் கையெடுத்துக் கும்பிட்டன்.

பஸ்ஸிலை ஏறி இருந்தால் வழிகாட்டிப் பிள்ளையைக் காணேல்லை. கனநேரம் பாத்துக்கொண்டிருந்தம். பிறகு தேவாலயத்தாலை வெளிக்கிட்டு ஓடிவாறாள், மூச்சு வாங்க. "கைட்டே லேற் எண்டால் விளங்கினாப்போலைதான்" எண்டு ரூர் அண்ணை தமிழிலை புறுபுறுத்தார். அவள் மைக்கை எடுத்து அடுத்த மலையின்ரை உயரத்தைச் சொல்லத் தொடங்கினாள்.

பின்னேரம் மலையடியிலை ஒரு வீட்டிலை தங்கல். வீட்டுக்காரர் பெரிய மேசை போட்டு வைன் வார்த்தார். அங்கத்தை வழக்கம், வீட்டுக்காரர் எழும்பி ஒவ்வொண்டுக்கும் ஒரு பேச்சுப் பேசிப்போட்டுத்தான் குடிக்கிறது. விருந்தாளிக்கு ஒண்டு, நாட்டுக்கு ஒண்டு, பிள்ளையளுக்கு ஒண்டு. எங்கடை ஆம்பிளையளுக்கு நல்ல புழுகம், ஒரே சிரிப்பு. பிறகு வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "இது எங்களை விட்டுப் போனவைக்கு. எல்லாரும் எழும்பி நிக்கவேணும்" எண்டு அந்தப் பிள்ளை சொன்னாள்.

எல்லாரும் எழும்பிச்சினம். ஆருக்குத்தான் ஆள் போகேல்லை? அத்தான் எழும்பேல்லை. தன்ரை கிளாசை உள்ளங்கையாலை மூடிக்கொண்டு இருந்தார். அக்கா பாதி எழும்பினவ, அத்தானைப் பாத்தா, பிறகு மெல்ல இருந்து அவற்றை சேட்டுக் கையைப் பிடிச்சுக்கொண்டா. அந்தப் பிள்ளை அவையள் ரெண்டு பேரையும் பாத்துக்கொண்டே நிண்டாள்.

அடுத்த நாள் காலமை எல்லாரும் ஜீப்பிலை மேலை பனிமலை பாக்கப் போட்டினம். முழங்கால் நோகுது எண்டு அக்கா நிண்டிட்டா, நானும் நிண்டன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முற்றத்திலை இருந்து வெங்காயம் உரிச்சம். வெயில் நல்லாய் எறிச்சுது.

"நான் நித்திரை கொள்ளேல்லையடி" எண்டா அக்கா.

"எப்ப?"

"பஸ்ஸிலை. அவர் மைக்கிலை சொன்னது எல்லாம் கேட்டனான். அது காணாதெண்டு அந்தப் பிள்ளையிட்டையும் கேட்டனான், படியிலை வைச்சு. மணல்தட்டைக் காட்டி, டெட், ஹியர் எண்டு கேட்டன். அவள் ஓமெண்டு தலையாட்டிப்போட்டு என்ரை கையைப் பிடிச்சவள்."

என்ரை கையிலை வெங்காயம் அப்பிடியே நிண்டுது.

"தெரிஞ்சுகொண்டோ வைச்சனீ?"

"தெரிஞ்சுகொண்டுதான்."

"அக்கா, விசரே உனக்கு? அவன் இருக்கிறான் எல்லோ, ஓமந்தையிலை..."

"சும்மா கிட" எண்டா. சத்தம் போடேல்லை. "கடைசியாய்ப் போன் பண்ணேக்கை சின்னவன் என்ன சொன்னவன் தெரியுமே? 'அம்மா, நான் சாப்பிட்டிட்டன், நீங்கள் படுங்கோ' எண்டவன். பின்னாலை ஷெல் விழுகுது, ஒரு குழந்தை பசியிலை கத்துது. என்ரை பிள்ளை பொய் சொன்னால் எனக்குத் தெரியாதோ? அவன் என்னட்டைப் பயணம் சொல்லிப்போட்டுப் போனவன். அண்டையிலை இருந்து எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் எங்களிட்டை ஒண்டும் சொல்லேல்லை? நாங்கள் உனக்காகத்தானே..."

"எனக்காக எண்டு நீங்கள் பொய் சொல்லுறியள். அவருக்காக எண்டு நான் கேட்டுக்கொண்டிருக்கிறன். மனுசன் அந்த அர்ச்சனையிலைதான் உயிரைப் பிடிச்சுக்கொண்டு நடக்குது. நான் ஒருக்கால் வாய்விட்டு அழுதன் எண்டால் அவருக்கு விளங்கிடும். பிறகு அவரையும் தூக்கிக் குடுக்கச் சொல்லுறியோ?" வெங்காயத்தை ஒவ்வொண்டாய்ச் சட்டிக்குள்ளை போட்டா. "ரொறன்ரோவிலை எங்கை போனாலும் எங்கடை ஆக்கள். கோயிலிலை ஒரு மோட்ச விளக்கு ஏத்தினால் பின்னேரத்துக்கிடையிலை அவற்றை காதுக்கு வந்திடும். இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது, ஒரு திரியைப் பிள்ளைக்கு வைச்சிட்டுப் போவம் எண்டு நினைச்சன். அதையும் பிடுங்கிப்போட்டாங்கள்."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. அந்த அண்ணையிலை கோவம், நாவூறு கழிச்ச அன்ரியிலை கோவம், சேட்டு நிறம் சொன்ன மிசிசாகாக்காரனிலை கோவம், கும்பிட்டுக்கொண்டு நிண்ட என்னிலை கோவம். எங்கடை அன்பை எல்லாம் கட்டி அந்த மலையாலை தள்ளிவிடலாம் போலை இருந்துது. நான் அழுதன். அவ அழேல்லை.

"அந்தப் பிள்ளை நேற்று ஏன் லேற்றாய் வந்தவள் எண்டு நினைக்கிறாய்?" எண்டா. "எல்லாரும் பஸ்ஸுக்குப் போனபிறகு வேறை ஒரு திரி வாங்கிக் கீழை வைச்சிட்டு வந்தவள். சாப்பிட வரேக்கை எனக்குக் காதுக்குள்ளை சொன்னவள், 'மம்மா, ஐ புட்' எண்டு. அவளுக்கும் ஆரோ அங்கை கீழை இருக்கினம் போலை."

ஜீப்புகள் திரும்பி வாற சத்தம் கேட்டுது. அக்கா என்ரை முகத்தைப் பாத்து, "வெங்காயம் எண்டு சொல்லு" எண்டா.

ரொறன்ரோவிலை வந்து இறங்கினம். மருமகன் எயார்போட்டுக்கு வரேல்லை, சொன்ன சொல்லுக்குப் போனடியிலை நிண்டான். வீட்டுக் கதவு திறக்க, சப்பாத்துக் கழட்ட முதல் அத்தான் கேட்டது ஒண்டுதான்.

"போன் வந்ததோ?"

"இல்லை மாமா."

"சரி. இனி வரும்" எண்டார் அத்தான். "ஓம், வரும்" எண்டு அக்கா சொல்லிப்போட்டு உள்ளுக்கை போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்சா. அண்டைக்குத்தான் நான் முதன்முதல் அந்த "ஓம்" எப்பிடி இருக்கெண்டு காது குடுத்துக் கேட்டன். கனமான சாமான் தூக்கிற ஆள் மூச்சு விடுற மாதிரி இருந்துது.

பிறகு வந்த வருசமெல்லாம் சனிக்கிழமை அர்ச்சனை நடந்துகொண்டே இருந்துது. அத்தானுக்குக் கண் மங்கினபிறகு அக்காதான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போவா. அவர் சத்தமாய்ச் சொல்லுவார், அவ பக்கத்திலை கும்பிட்டுக்கொண்டு நிப்பா. வருசத்திலை ஒருநாள், சித்திரை மாதத்திலை, வயிறு சரியில்லை எண்டு சொல்லி அக்கா சாப்பிடமாட்டா. வீட்டிலை மீன் காய்ச்சமாட்டா. ஒவ்வொரு சித்திரைக்கும் ஒரு வயித்துக்குத்தோ எண்டு அத்தான் பகிடி பண்ணுவார்.

அத்தான் ஒரு மாசி மாதம், பனி கொட்டிக்கொண்டிருக்கேக்கை, நெஞ்சிலை கையை வைச்சபடி கதிரையிலையே உயிர்விட்டார். போன் பக்கத்திலை இருந்துது.

பியூனரல் ஹோமிலை ஐயர் கிரியை தொடங்க முதல் "மகன் இருக்கிறாரோ?" எண்டு கேட்டார். அது அவர் எல்லா வீட்டிலையும் கேக்கிற கேள்விதான். சனம் எல்லாம் நிலத்தைப் பாத்துது. ரூர் அண்ணைதான் முன்னுக்கு வந்து, "மகன் ஊரிலை ஐயா, வரேலாத நிலைமை, மருமகன் செய்வார்" எண்டார். நான் அக்காவைப் பாத்தன். அக்கா பெட்டிக்குள்ளை கிடந்த அத்தான்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு காரிலை வரேக்கை ஏன் ஒண்டும் சொல்லேல்லை எண்டு கேட்டன். "அந்த மனுசன் அதிலை கிடக்கேக்கை எப்பிடியடி சொல்லுறது" எண்டா.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஸ்காபரோவிலை ஒரு மண்டபம். அத்தான்ரை சாம்பல் அதுக்கு முதலே கரைச்சாச்சு. ஐயர் தர்ப்பை போட்டு, மருமகனை இருத்தி, அத்தானுக்குப் பிண்டம் பிடிக்கச் சொன்னார். அக்கா பின் வரிசையிலை இருந்து எழும்பி, ஆக்களை விலத்திக்கொண்டு முன்னுக்கு வந்தா.

"ஐயா, இன்னொரு பிண்டம் வையுங்கோ. என்ரை மகனுக்கு."

"அக்கா, என்ன கதை இது, அவர் இருக்கிறார் எல்லோ, நீங்கள் மனமுடைஞ்சு..." எண்டு ரூர் அண்ணை எழும்பினார்.

"அண்ணை, வாயை மூடிக்கொண்டு இருங்கோ" எண்டன் நான். இவ்வளவு வருசமும் எனக்குள்ளை கிடந்து புழுங்கினது அந்த ஒரு வசனமாய் வந்துது. அவர் இருந்திட்டார்.

ஐயர் அக்காவை நிமிந்து பாத்தார். "திதி தெரியுமோ அம்மா?"

"சித்திரை மாதம், தேய்பிறைத் தசமி" எண்டா அக்கா. ஒரு கணம்கூட யோசிக்கேல்லை. சின்னவன் கடைசியாய்ப் போன் எடுத்த நாள் அது.

"பேர், நட்சத்திரம்?"

அக்கா சொன்னா. அத்தான் சனிக்கிழமைகளிலை சொல்லுற மாதிரியே, மண்டபம் முழுக்கக் கேக்கச் சொன்னா. பிறகு நிலத்திலை இருந்து, வாய்விட்டு அழுதா.